மூக்குச் சளி மாதிரியில் தெரிவதும் தெரியாததும்: மருத்துவமனைக் குழந்தைகளுக்கான சுவாச வைரஸ் பரிசோதனை – ஒரு பார்வை

புதுடெல்லி: 2025 ஜனவரி 6ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் சுருக்கமான அறிக்கை ஒன்றை வெளியிட்டது. மூச்சுக்குழல் நிமோனியாவுடன் பெங்களூரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 3 மாதப் பெண் குழந்தைக்கும் 8 மாத ஆண் குழந்தைக்கும் எச்.எம்.பி.வி. எனப்படும் மெட்டாநிமோ வைரஸ் தொற்று உறுதியாகியுள்ளது என்பதே அதன் சாரம். இரு குடும்பத்தாரும் வெளிநாடு சென்று வந்தவர்கள் அல்லர். பெண் குழந்தை ஏற்கெனவே வீடு திரும்பிவிட்டது. ஆண் குழந்தை தேறி வந்தது. ஆயினும் அன்றைய தினமே மும்பை பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு 1,200 புள்ளிகளுக்கு மேல் சரிந்தது. முகக்கவசம் குறித்த பேச்சு மீண்டும் எழுந்தது. அடுத்தடுத்து குஜராத், தமிழ்நாடு, மகாராஷ்டிரா எனப் பல மாநிலங்களிலிருந்து தொற்றுச் செய்திகள் வரத் தொடங்கின.

அந்த வைரஸ் அன்று இந்தியாவுக்குள் புதிதாக நுழைந்ததல்ல. 2001ஆம் ஆண்டு நெதர்லாந்து ஆய்வாளர்களால் முதன்முதலில் அடையாளம் காணப்பட்ட அது, இந்தியக் குழந்தைகளிடமும் இருப்பதைப் புனேயில் உள்ள தேசிய வைராலஜி நிறுவன ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டிலேயே பதிவு செய்துள்ளனர். பெங்களூரு குழந்தைகள் இருவருக்கும் தொற்று கண்டறியப்பட்டது கூட, பல்வேறு சுவாச வைரஸ்களுக்கான வழக்கமான கண்காணிப்பின்போதுதான் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் விளக்கியது. நாட்டில் வழக்கத்துக்கு மாறான சுவாச நோய் அதிகரிப்பு எதுவும் இல்லை என்றும் அமைச்சகம் தெளிவுபடுத்தியது.

ஆக, புதிதாக இருந்தது வைரஸ் அல்ல. அதன் பெயர் பொதுவெளிக்கு வந்ததுதான். மருத்துவமனையில் சேரும் குழந்தைகளின் மூக்கிலிருந்து மாதிரி எடுத்து, எந்த வைரஸ் என்று தேடும் வழக்கம் கொரோனா பெருந்தொற்றுக்குப் பின் நாட்டின் பெருநகரங்களில் பரவலாகியுள்ளது. இந்தப் பரிசோதனையால் குழந்தைக்கு என்ன பயன், நாட்டுக்கு என்ன பயன் என்ற இரு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடைகள் ஒன்றல்ல. அந்த வேறுபாடு புரியாதபோதுதான் அச்சமும் வீண் செலவும் உண்டாகின்றன.

மாதிரி எடுக்கும் முறை

சுவாச வைரஸ்களில் பெரும்பாலானவை மூக்கின் உட்புறச் சவ்வுகளிலும், மூக்கும் தொண்டையும் இணையும் பின்பகுதியிலும் பெருகுகின்றன. நுரையீரலின் அடியாழத்திலிருந்து சிறு குழந்தையின் சளியைப் பெறுவது எளிதன்று. பெரியவர்களைப் போல் இருமிச் சளியைத் துப்ப அவர்களுக்குத் தெரியாது. எனவே மூக்குதான் நுரையீரல் நோய்க்கான சாளரமாகப் பயன்படுகிறது.

மாதிரி எடுக்க இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. மெல்லிய குழாய் மூலம் மூக்கின் பின்பகுதியிலிருந்து சளியை உறிஞ்சி எடுப்பது ஒன்று. செயற்கை இழை முனை கொண்ட வளையக்கூடிய குச்சியைச் செலுத்திச் சுழற்றி எடுப்பது மற்றொன்று. மரக் குச்சியும் கால்சியம் ஆல்ஜினேட் முனை கொண்ட குச்சியும் தவிர்க்கப்படுகின்றன. அவற்றிலுள்ள பொருள்கள் ஆர்.டி.-பி.சி.ஆர். பரிசோதனையின் வேதிவினையைத் தடுக்கக்கூடும். எடுத்த மாதிரி உடனடியாக வைரஸ் கடத்து ஊடகம் நிரம்பிய சிறு குப்பியில் இடப்பட்டு, 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் ஆய்வகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். 72 மணி நேரத்துக்குள் சோதிக்க இயலாவிட்டால் மைனஸ் 70 டிகிரி உறைநிலையில் வைக்க வேண்டும்.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முடிவு பொய்த்துப் போகும். குச்சி உரிய ஆழம் செல்லாவிட்டாலோ, குப்பி வெயிலில் கிடந்தாலோ, வைரஸ் இருந்தும் 'இல்லை' என்றே அறிக்கை வரும். பயிற்சி பெற்ற செவிலியர், குளிர்பதனப் பெட்டி, நேரத்துக்குப் புறப்படும் வாகனம் ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் விலையுயர்ந்த கருவி இருந்தும் பயனில்லை.

விரைவு ஆன்டிஜன் சோதனை அரை மணி நேரத்துக்குள் முடிவு தரும். ஆனால் நுட்பம் குறைவு. ஆர்.டி.-பி.சி.ஆர். நுட்பமானது, முடிவுக்குச் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள்கள் வரை ஆகும். ஒரே மாதிரியில் சுமார் 20 கிருமிகளை ஒரு மணி நேர அளவில் தேடும் கூட்டுப் பரிசோதனைக் கருவிகளும் பெரிய மருத்துவமனைகளில் உள்ளன. இவற்றின் கட்டணம் பல ஆயிரம் ரூபாய் வரை செல்கிறது.

சிகிச்சை மாறுமா?

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டுவரும் முதன்மையான சுவாச நோய்களில் ஒன்று நுண்மூச்சுக்குழல் அழற்சி. ஆர்.எஸ்.வி. என்ற வைரஸே இதற்கு முக்கியக் காரணம். எச்.எம்.பி.வி., ரைனோ, பாராஇன்ஃபுளூயன்சா, அடினோ ஆகிய வைரஸ்களும் ஏறத்தாழ இதே தோற்றத்தை உண்டாக்குகின்றன. இவற்றுள் எதுவாயினும் அளிக்கப்படும் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றுதான்: தேவைப்படும் ஆக்சிஜன், உடலின் நீர்ச்சத்தைக் காத்தல், மூக்கடைப்பை நீக்குதல், கவனமான கண்காணிப்பு.

இக்காரணத்தாலேயே, நுண்மூச்சுக்குழல் அழற்சியை நோய் வரலாறும் உடல் பரிசோதனையும் கொண்டே கண்டறிய வேண்டும் என்றும், வழக்கமான வைரஸ் பரிசோதனை தேவையில்லை என்றும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் தனது 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியது. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் விரைவு வைரஸ் பரிசோதனையின் பயனை ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வும், மார்பு எக்ஸ்-ரே எடுப்பது குறைவதாகக் கண்டதே தவிர, ஆன்டிபயாடிக் பயன்பாடு குறைகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே தெரிவித்தது.

ஆயினும் சில இடங்களில் பரிசோதனை சிகிச்சையின் போக்கை மாற்றுகிறது. இன்ஃபுளூயன்சா உறுதியானால் ஓசெல்டாமிவிர் மருந்தைத் தொடர்வதா என்ற முடிவு தெளிவாகிறது; நோய் தொடங்கிய முதல் இரு நாள்களுக்குள் கொடுக்கப்படும்போதே அம்மருந்தின் பயன் அதிகம் என்பதால், தாமதமாக வரும் அறிக்கையால் நன்மை குறைவு. பிறவி இதய நோய், நோய் எதிர்ப்புக் குறைபாடு, புற்றுநோய் சிகிச்சை ஆகிய நிலைகளில் உள்ள குழந்தைகளுக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் காரணம் விளங்காமல் மோசமடையும் குழந்தைகளுக்கும் வைரஸின் பெயர் தெரிவது முக்கியம்.

மற்றொரு பயன் வார்டு மேலாண்மையில் உள்ளது. ஆர்.எஸ்.வி. மருத்துவமனைக்குள்ளேயே கைகள் வழியாகவும் மேற்பரப்புகள் வழியாகவும் எளிதில் பரவக்கூடியது. ஒரு படுக்கையில் இரு குழந்தைகள் படுக்கும் நெரிசல் மிகுந்த அரசு மருத்துவமனையில், யாருக்கு எந்தத் தொற்று என்று தெரிந்தால்தான் குறைப்பிரசவக் குழந்தைகளையும் இதய நோயுள்ள குழந்தைகளையும் தள்ளி வைக்க முடியும். பரிசோதனைக்கு உள்ளான குழந்தையைக் காட்டிலும் அடுத்த படுக்கைக் குழந்தைக்கே அதனால் பயன் அதிகம் என்பது இங்கே உண்மையாகிறது.

வைரஸ் இருந்தால் அதுவே காரணமா?

கூட்டுப் பரிசோதனையின் பெரிய சிக்கல், அது தேவைக்கு மேல் கண்டுபிடித்துவிடுவதுதான். நோய் தீர்ந்த பின்னும் வாரக்கணக்கில் மூக்கில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் தங்கியிருக்கும். நோயே இல்லாத குழந்தையின் மூக்கிலும் வைரஸ் காணப்படலாம். ஒரே குழந்தையிடம் இரண்டு, மூன்று வைரஸ்கள் ஒருசேரத் தென்படுவதும் உண்டு.

இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டியது 2019ஆம் ஆண்டு 'லான்செட்' இதழில் வெளியான 'பெர்ச்' ஆய்வு. வங்கதேசம், தாய்லாந்து, கென்யா, காம்பியா, மாலி, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாடுகளில், கடுமையான நிமோனியாவுடன் மருத்துவமனையில் சேர்ந்த 4,232 குழந்தைகளும், ஒப்பீட்டுக்காக அதே பகுதிகளைச் சேர்ந்த 5,119 குழந்தைகளும் பரிசோதிக்கப்பட்டனர். மருத்துவமனையில் சேராத குழந்தைகளின் மூக்கிலும் வைரஸ்கள் பரவலாகக் காணப்பட்டன. ரைனோ வைரஸ் இரு தரப்பிலும் ஏறக்குறைய சமமான அளவில் இருந்தது. ஆர்.எஸ்.வி. வேறுபட்டது, அது நோயுற்ற குழந்தைகளிடமே பெருமளவில் காணப்பட்டது.

எச்.ஐ.வி. தொற்று இல்லாத, எக்ஸ்-ரேயில் நிமோனியா உறுதியான குழந்தைகளைக் கணக்கில் கொண்டபோது, நோய்க்கான காரணங்களில் 61.4 சதவீதம் வைரஸ்கள் என அந்த ஆய்வு மதிப்பிட்டது. ஆர்.எஸ்.வி.யின் பங்கு மட்டும் 31.1 சதவீதம். பாக்டீரியாக்களின் பங்கு 27.3 சதவீதம்.

இதிலிருந்து பெறப்படும் பாடம் இரண்டு. மூக்கில் ஆர்.எஸ்.வி. தென்பட்டால் நோய்க்குக் காரணம் அதுவே எனக் கருதப் பெருமளவு இடமுண்டு. ரைனோ வைரஸ் தென்பட்டால் அவ்வாறு உடனே கூறிவிட முடியாது. அடுத்தது, வைரஸ் உறுதியானதாலேயே பாக்டீரியா இல்லை என்றாகிவிடாது. ஆகவே, நிலை மோசமான குழந்தைக்கு ஆன்டிபயாடிக் நிறுத்தும் முடிவை மூக்கு மாதிரியை மட்டும் நம்பி எடுப்பதில்லை.

கொல்கத்தா கற்பித்தது

மூக்கு மாதிரிப் பரிசோதனை பொது சுகாதாரத்துக்கு எவ்வாறு உதவும் என்பதற்கு மேற்கு வங்கத்தின் அனுபவம் சிறந்த சான்று. 2023ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் கொல்கத்தாவிலும் சுற்றுவட்டாரங்களிலும் குழந்தைகள் வார்டுகள் நிரம்பி வழிந்தன. தீவிர சிகிச்சைப் படுக்கைகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. குழந்தைகளின் உயிரிழப்புகளும் நேர்ந்தன. மாதிரிகளைச் சோதித்தபோது அடினோ வைரஸ் மேலோங்கியிருப்பது தெரியவந்தது. மரபணு ஆய்வில், அந்த வைரஸின் 7ஆம் வகையும் 3ஆம் வகையும் கலந்து உருவான வடிவமே பெருமளவில் பரவியது எனக் கொல்கத்தாவில் உள்ள தேசிய ஆய்வு நிறுவனம் கண்டறிந்தது.

அடினோ வைரஸுக்குப் பரவலாகப் பயன்படுத்தத்தக்க தனி மருந்து இல்லை. எனினும் பெயர் தெரிந்ததால் பயன் விளைந்தது. அதிகக் காய்ச்சல், ரத்தத்தில் உயரும் அழற்சிக் குறியீடுகள் என இந்த வைரஸ் பாக்டீரியா தொற்றைப் போலவே தோற்றமளிக்கும் இயல்புடையது. காரணம் தெரியாதபோது ஆன்டிபயாடிக் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்படும். காரணம் தெரிந்ததும் மாநில அரசு, குழந்தைகள் பிரிவுள்ள மருத்துவமனைகளில் 24 மணி நேர சுவாச நோய் சிகிச்சை மையங்களைத் திறந்து, படுக்கைகளையும் வென்டிலேட்டர்களையும் ஒழுங்குபடுத்த முற்பட்டது.

எனினும் வார்டுகள் நிரம்பிய பிறகே இந்தப் படம் முழுமை பெற்றது. ஆண்டு முழுவதும் சீராக மாதிரி எடுக்கும் நிலையங்கள் போதிய எண்ணிக்கையில் இருந்தால், ஒரு வைரஸின் ஏறுமுகம் படுக்கைகள் நிரம்புவதற்கு முன்பே தெரியும். அதுதான் கண்காணிப்பின் நோக்கம்.

வலைப்பின்னலின் பலமும் இடைவெளியும்

கடந்த 10 நாள்களுக்குள் தொடங்கிய காய்ச்சல், இருமலுடன் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை ஏற்பட்டால், அதனைக் கடும் சுவாசத் தொற்று என உலக சுகாதார அமைப்பு வரையறுக்கிறது. இத்தகைய நோயாளிகளைக் கண்காணிக்கும் பணியில், 2004ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வகங்களும் ஈடுபட்டுள்ளன. மண்டலம், மாநிலம், மருத்துவக் கல்லூரி என மூன்று நிலைகளில் 150க்கும் மேற்பட்ட வைரஸ் ஆராய்ச்சி மற்றும் நோயறிதல் ஆய்வகங்கள் நாட்டில் இயங்குகின்றன. 2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. பரிசோதிக்கும் ஆய்வகங்களின் எண்ணிக்கையை உயர்த்துவதாகவும், ஆண்டு முழுவதும் அதன் போக்கைக் கண்காணிப்பதாகவும் அரசு அறிவித்தது.

சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை இந்த வரையறையிலேயே ஒரு சிக்கல் உள்ளது. ஆர்.எஸ்.வி. தாக்கிய பச்சிளம் குழந்தைகளுக்குப் பல வேளைகளில் காய்ச்சலே இருப்பதில்லை. மூச்சு சற்று நின்று நின்று வருவதே முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். காய்ச்சலை நிபந்தனையாக வைத்தால், மிகுந்த ஆபத்தில் உள்ள இக்குழந்தைகள் கணக்கிலிருந்து விடுபடுவர். இதனை உணர்ந்தே, உலக சுகாதார அமைப்பு இந்தியா உள்ளிட்ட நாடுகளில் நடத்திய ஆர்.எஸ்.வி. முன்னோடிக் கண்காணிப்பில் காய்ச்சல் நிபந்தனை தளர்த்தப்பட்டது.

இடம் சார்ந்த இடைவெளியும் உண்டு. ஆய்வகங்கள் பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிகளைச் சார்ந்துள்ளன. தொலைதூரக் கிராமங்களிலும் மலைப்பகுதிகளிலும் மூச்சுத்திணறும் குழந்தை வட்டார மருத்துவமனையைத் தாண்டாமலேயே பிழைக்கவோ இறக்கவோ நேர்கிறது. அந்தக் குழந்தையின் மூக்கிலிருந்து மாதிரி எடுக்கப்படுவதில்லை. தனியார் மருத்துவமனைகளில் எடுக்கப்படும் பரிசோதனைகளின் முடிவுகளோ, பெரும்பாலும் கட்டண ரசீதுடன் பெற்றோரின் கோப்பிலேயே தங்கிவிடுகின்றன. எங்கே பரிசோதனை அதிகமோ அங்கே நோய் அதிகம் என்ற தோற்றமும் இதனால் உருவாகிறது.

தடுப்பூசி முடிவுக்கு அடித்தளம்

இந்தத் தரவுகள் இப்போது முன்னெப்போதையும்விட அவசியமாகின்றன. 2019ஆம் ஆண்டில் மட்டும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே உலகளவில் சுமார் 3.3 கோடி ஆர்.எஸ்.வி. கீழ்ச்சுவாசத் தொற்றுகளும், 36 லட்சம் மருத்துவமனைச் சேர்க்கைகளும், 1,01,400 உயிரிழப்புகளும் நிகழ்ந்ததாக 2022இல் 'லான்செட்' இதழில் வெளியான மதிப்பீடு கூறுகிறது. இந்த உயிரிழப்புகளில் 97 சதவீதத்துக்கும் அதிகமானவை குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் ஏற்பட்டவை. மருத்துவமனைகளுக்குள் நிகழ்ந்தவை 26,300 மட்டுமே. அதாவது, ஏறத்தாழ நான்கில் மூன்று மரணங்கள் எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் இடம்பெறாதவை.

இதைத் தடுக்க இப்போது இரு வழிகள் உள்ளன. கர்ப்பிணிக்குச் செலுத்தி, அவர் மூலம் சிசுவுக்குப் பாதுகாப்பு அளிக்கும் தடுப்பூசி ஒன்று. பிறந்த குழந்தைக்கு நேரடியாகச் செலுத்தப்படும் நீண்டகால எதிர்ப்புரத ஊசி மற்றொன்று. தாய்மார்களுக்கான தடுப்பூசிக்கு உலக சுகாதார அமைப்பு 2025 மார்ச்சில் முன்தகுதி வழங்கியது. அதே ஆண்டு மே மாதம், இவ்விரண்டில் ஒன்றை எல்லா நாடுகளும் அறிமுகப்படுத்தலாம் எனப் பரிந்துரைத்தது.

நிமோனியா தடுப்பில் இந்தியாவுக்கு முன் அனுபவம் உண்டு. ஹிப் கிருமிக்கு எதிரான பாதுகாப்பையும் உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கி நாடெங்கும் விரிந்தது. நியூமோகாக்கல் தடுப்பூசி 2017இல் தொடங்கி 2021இல் நாடு முழுவதற்கும் கொண்டுசெல்லப்பட்டது. பாக்டீரியா நிமோனியா இவ்வாறு கட்டுப்படுத்தப்படும்போது, எஞ்சும் நோய்ச் சுமையில் வைரஸ்களின் பங்கு உயர்வது இயல்பு.

ஆர்.எஸ்.வி. தடுப்பைத் தேசியத் திட்டத்தில் சேர்ப்பதா, எந்த மாநிலத்தில் எந்த மாதத்தில் தொடங்குவது, கர்ப்பிணிகளுக்கா சிசுக்களுக்கா என்ற கேள்விகளுக்கு விடை, குழந்தைகளின் மூக்கு மாதிரிகளில்தான் உள்ளது. ஒரே நாட்டுக்குள் காஷ்மீரின் குளிர்காலமும் கேரளத்தின் மழைக்காலமும் வெவ்வேறு வைரஸ் பருவங்களை உருவாக்குகின்றன. டெல்லி ஆய்வகம் ஒன்றின் வரைபடத்தை வைத்து நாடு முழுவதற்கும் நாள் குறிக்க இயலாது.

யாருக்கு, எப்போது?

எல்லாக் குழந்தைக்கும் எல்லா வைரஸ் பரிசோதனையும் என்பது வீண். யாருக்கும் வேண்டாம் என்பது பார்வையின்மை. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு நடைமுறை வழி உண்டு. சிகிச்சை முடிவை மாற்றக்கூடிய நிலையில் உள்ள குழந்தைகளுக்கு மருத்துவரின் முடிவுப்படி பரிசோதனை. ஏனையோருக்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட கண்காணிப்பு மருத்துவமனைகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாரந்தோறும் மாதிரி. பின்னது நாட்டின் நலனுக்கானது என்பதால் அதன் செலவை அரசே ஏற்பதுதான் முறை; அறிக்கையின் பொருளைப் பெற்றோருக்கு எளிய மொழியில் விளக்கும் கடமையும் உடன் சேர்ந்தது.

பெற்றோரைப் பொறுத்தவரை, வைரஸின் பெயரைவிடக் குழந்தையின் மூச்சே முக்கியமான அறிகுறி. நிமிடத்துக்கு 2 மாதத்துக்குட்பட்ட குழந்தை 60 முறையும், 2 முதல் 11 மாதக் குழந்தை 50 முறையும், 1 முதல் 5 வயதுக் குழந்தை 40 முறையும் அல்லது அதற்கு மேலும் மூச்சு விட்டால் அது வேகமான சுவாசம் என உலக சுகாதார அமைப்பு வரையறுத்துள்ளது. மார்பின் அடிப்பகுதி உள்வாங்குதல், பால் குடிக்க இயலாமை, உதடு நீலம் பாய்தல், எழுப்பியும் விழிக்காத மயக்கம் ஆகியவை தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள். இவற்றை அறிய எந்த ஆய்வகமும் தேவையில்லை.

மறுபுறம், குழந்தைகளின் இருமல் பெரும்பாலும் தானாகவே தணியக்கூடியது என்றும், 2 வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளைப் பரிந்துரைக்கக் கூடாது என்றும் மத்திய சுகாதார சேவைகள் தலைமை இயக்ககம் 2025 அக்டோபரில் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியதும் இங்கு நினைவுகூரத் தக்கது.

அடுத்த குளிர்காலத்திலும் ஏதேனும் ஒரு வைரஸின் பெயர் தலைப்புச் செய்தியாகும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை பேருக்கு உறுதியானது' என்பது மட்டுமல்ல. எத்தனை பேரிடம் மாதிரி எடுக்கப்பட்டது, கடந்த ஆண்டு இதே வாரத்தில் நிலை என்ன, வார்டுகளில் ஆக்சிஜன் தேவைப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியுள்ளதா என்பவையும் சேர்த்தே கேட்கப்பட வேண்டும். முந்தைய ஆண்டுகளின் சீரான தரவு கையில் இருந்தால் இக்கேள்விகளுக்கு அன்றே விடை கிடைக்கும். இல்லையெனில் ஒவ்வொரு பழைய வைரஸும் புதிய அச்சுறுத்தலாகவே வந்து நிற்கும்.